29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாமா? கியாராவில் மாதம் இரண்டு முறை ஓட்டும் ஒருவருக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 2011இல் வாங்கிய 26 இன்ச் சக்கர ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள மலைச் சைக்கிள், இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கோலாலம்பூர் புக்கிட் கியாராவின் காட்டுப் பாதை, மற்ற நாட்களில் நேரம் கிடைத்தால் கெப்போங் மெட்ரோபோலிட்டன் பூங்கா ஏரியைச் சுற்றி ஒரு மணி நேரம். உயரம் 163 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. கூட ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டார்கள். கடையில் ஒன்றை 6,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) காட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில், போகிற போக்கில், இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: மார்ச்சில் வேர்கள் நிறைந்த ஓர் இறக்கத்தில் விழுந்ததிலிருந்து அந்த இடம் வந்தாலே இறங்கி உருட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று. எனக்கு அந்த வரிதான் உங்கள் கேள்வியாகப் படுகிறது. இவ்வளவு பணம் போட்டால் அந்த வேர்களின் மேல் மறுபடியும் தைரியமாக இறங்க முடியுமா? இதைத்தானே கேட்கிறீர்கள்?

செந்தூலில் 22 வருடமாக சைக்கிள் பழுது பார்க்கிறேன், கியாராவில் அதற்கும் முன்பிருந்தே ஓட்டுகிறேன். நான் இப்போது வைத்திருப்பதும் 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன்தான். 47 வயதில் வாங்கினேன், ஒரு நாளும் வருந்தியதில்லை. அப்படியிருந்தும் உங்கள் நிலைமையில் இப்போதைக்கு இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சக்கரம். 26 என்றும் 29 என்றும் சொல்வது டயரோடு சேர்த்த தோராயமான வெளி விட்டம். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மை அளந்தால் 26க்கு 559 மில்லிமீட்டர், 27.5க்கு 584, 29க்கு 622. ரோட் பைக்கில் 700C என்கிறார்களே, அதுவும் இதே 622தான். பழைய தோட்டங்களில் கிராணிமார், அதாவது ஆபீஸ் கணக்கர்கள், ஓட்டிய கறுப்பு ராலே சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வயதுக்கு இருக்காது, அப்பாவிடம் கேளுங்கள். அந்த 28 இன்ச் சக்கரத்தின் ரிம் 635 மில்லிமீட்டர். இன்றைய 29ஐ விடப் பெரியது! டயர் மெல்லியது என்பதால்தான் மொத்த உயரத்தில் கொஞ்சம் குறைந்தது. லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே குண்டும் குழியுமான செம்மண் சாலையில் அந்த வண்டிகள் ஒரு ஸ்பிரிங் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியதற்குப் பெரிய சக்கரமும் ஒரு காரணம். அதனால் பெரிய சக்கரம் மேடுபள்ளத்தை எளிதாகத் தாண்டும் என்பது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை, உறுதியான விஷயம்.

எவ்வளவு எளிதாக என்பதைத்தான் கடையில் சொல்ல மாட்டார்கள். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வேர் குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கியாராவில் அது சாதாரணம். 2.3 இன்ச் டயர் மாட்டிய 26 இன்ச் சக்கரம் அந்த வேரின் உச்சியில் முட்டும்போது ஏற வேண்டிய கோணம் சுமார் 45 பாகை. அதே டயர் மாட்டிய 29க்கு சுமார் 43 பாகை. வித்தியாசம் இரண்டே பாகை. ஒரு வேருக்கு இது பெரிதாகத் தெரியாது. வரிசையாக இருபது வேர் கிடந்தால் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிற வேகம் 29இல் குறைவாக இழக்கப்படுகிறது. ஆக, பெரிய சக்கரத்தின் பலன் வேகம் குறையாமல் உருண்டு போவதில் அதிகம். வழுக்காமல் பிடித்து நிற்பதில் குறைவு. நீங்கள் விழுந்ததோ, நீங்களே எழுதியபடி, மழை பெய்த மறுநாள் முன் சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனதால். ஈர வேரின் மேல் டயர் பிடிப்பதற்கு ரப்பரின் தன்மை, டயரில் இருக்கும் காற்று, அந்த நொடியில் பிரேக்கில் உங்கள் விரல் இருந்ததா இல்லையா, இந்த மூன்றும்தான் முக்கியம். இதில் 26, 29 என்ற எண்ணுக்குப் பெரிய பங்கில்லை.

போட்டிக்காரர்களைப் பார்த்து முடிவு செய்கிறவர்களும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் மவுண்டன் பைக்கில் செக் நாட்டு யாரொஸ்லாவ் குல்ஹாவி 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார். ஒரே ஒரு நொடி பின்னால் வந்து வெள்ளி வாங்கிய சுவிஸ் வீரர் நினோ ஷுர்டர் ஓட்டியது 27.5 இன்ச் ஹார்ட்டெயில். ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் ஒரு நொடி! இதைப் பிடித்துக்கொண்டு எது சிறந்தது என்று யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதற்குப் பிறகு 29 எல்லா இடத்தையும் பிடித்துவிட்டது என்பது வேறு விஷயம். இப்போது கடைகளில் 26க்கு நல்ல ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், அமுங்கி எழும் கால்கள்) கிடைப்பதே கஷ்டம், நல்ல டயரும் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது.

அடுத்து பின் சஸ்பென்ஷன். இதன் நிஜமான நன்மை இறக்கத்தில் முதுகு வலிக்காமல் இருப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நான் அதிகம் உணர்ந்தது ஏற்றத்தில். வேர்ப்படிகள் உள்ள ஏற்றத்தில் ஹார்ட்டெயிலின் பின் சக்கரம் ஒவ்வொரு வேரிலும் துள்ளும், துள்ளிய அந்தக் கணத்தில் பெடலை மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றும், கால் நின்றுவிடும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் சக்கரம் தரையைத் தடவிக்கொண்டே வருகிறது, உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிவிடலாம். முட்டி தேய்ந்தவர்களுக்கும் இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவர் கேட்டிருந்தால் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் பின் பக்கம் அசைய வேண்டுமென்றால் ஃபிரேமில் மூட்டுகள் வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் பேரிங் இருக்கும், ஃபிரேமைப் பொறுத்து மொத்தம் எட்டு, பத்து என்று வரும். அதற்கு மேல் பின் ஷாக் என்னும் அதிர்வு தாங்கி, அதன் உள்ளே காற்று, எண்ணெய், ரப்பர் வளையங்கள். நம் ஊர் வெயிலும் மழையும் இவற்றை என்ன செய்யும் என்பதை என் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் தன் வண்டியைக் கொண்டு வந்தார். வாங்கி 14 மாதம். வெளியே பார்த்தால் புதிது போல மின்னியது, ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் கார் கழுவும் இடத்தில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவாராம். பெடல் மிதித்தால் ஒரு கிரீச் சத்தம், அதற்குத்தான் வந்தார். அடி மூட்டின் போல்ட்டைக் கழற்றினேன், ஒரு கரண்டி அளவுக்குத் தண்ணீர், பால் இல்லாத தே ஓ நிறத்தில், என் உள்ளங்கையில் வழிந்தது. பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன், மணலைத் தேய்ப்பது போல நறநறவென்றது, அப்புறம் ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. கிரீஸ் ஒரு சொட்டு இல்லை. அந்த அழுத்தத் தண்ணீர்தான் ஓரத்து ரப்பரைத் தாண்டி உள்ளே போய்க் கிரீஸைத் துடைத்துவிட்டது. அவர் அசட்டையான ஆள் இல்லை, தன் வண்டியை நேசிக்கிறவர். நல்ல எண்ணத்தோடுதான் கழுவியிருக்கிறார். இதை யாரும் அவரிடம் வாங்கும்போது சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மனசைக் கஷ்டப்படுத்தியது.

சர்வீஸ் கணக்கையும் பாருங்கள். ராக் ஷாக்ஸ் நிறுவனம் தன் முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவதற்குச் சொல்லும் இடைவெளி 50 மணி நேர ஓட்டம், முழுதாகப் பிரித்துச் செய்வதற்கு 200 மணி. பின் ஷாக்கின் காற்று அறைக்கும் 50 மணிதான். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி என்றால் உங்கள் காட்டு ஓட்டம் வருடத்துக்கு 48 மணி நேரம். அதாவது ஒரு முழு வருடம் ஓட்டினால்தான் முதல் சர்வீஸ் வரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ஊர் ஈரத்தில் சும்மா நிற்கிற வண்டிக்கும் வயதாகும், அதனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேரிங், எண்ணெய், சீல், பிரேக் பேட், செயின், கூலி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆயிரம் வெள்ளி தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். சில வருடம் அதில் பாதிகூட ஆகாது, சில வருடம் தாண்டிவிடும். வருடத்துக்கு 48 மணி நேரத்துக்கு இந்தச் செலவு சரியா என்பதை நீங்களும் வீட்டிலும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வாரா வாரம் போகிறவருக்கு 6,800 வெள்ளி நியாயமான விலையாகவே எனக்குத் தெரிகிறது.

விலையைப் பற்றி இன்னொன்று. ஒரே விலையில் ஒரு ஹார்ட்டெயிலையும் ஒரு ஃபுல் சஸ்பென்ஷனையும் பக்கத்தில் நிறுத்தினால், பின் ஷாக்குக்கும் மூட்டுகளுக்கும் ஆன பணம் எங்கிருந்தோ பிடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் முன் ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் டயரிலும். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிற ஒருவருக்கு மிகவும் தேவையானவை இந்த மூன்றும்தான். அதனால் நீங்கள் பார்த்த வண்டியின் பிரேக் என்ன, ஃபோர்க் என்ன, டயர் என்ன என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

உயரம் 163 என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 29 இன்ச் வண்டியில் முன் பக்கம் உயர்ந்து நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளும்போது பின் டயர் பிட்டத்தில் உரசும், குள்ளமானவர்களுக்கு இது நிஜமான தொந்தரவு. இதற்காகவே முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து வைக்கும் வண்டிகளும் வந்திருக்கின்றன, மல்லெட் என்பார்கள். ட்ரெக் போன்ற நிறுவனங்கள் சில மாடல்களில் சிறிய ஃபிரேமுக்கு 27.5 சக்கரத்தையே கொடுத்திருக்கிறார்கள். கடையில் உங்களுக்கு மீடியம் அளவு ஃபிரேம்தான் கைவசம் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்றார்களாமே. அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஃபிரேம் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும் என்பதால் பார்க்காமல் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 163க்குப் பெரும்பாலும் ஸ்மால்தான் வரும். இருக்கிற அளவை உங்கள் உடம்புக்குப் பொருத்தப் பார்க்கிறார்கள் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நீங்கள் இருப்பது 11வது மாடி, உங்கள் கார் சின்ன மைவி என்று எழுதியிருந்தீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதனாலேயே நல்ல வண்டிகள் வீட்டில் தூசி படிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் முனைக்கு முனை 180 சென்டிமீட்டரைத் தாண்டும். லிஃப்டில் பின் சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தித்தான் கொண்டு போக வேண்டியிருக்கும். மைவியில் பின் சீட்டை மடக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினால்தான் உள்ளே போகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிவதற்கு முன் இதைச் செய்ய மனசு வருமா என்று யோசியுங்கள். பின்னால் மாட்டும் ரேக் வாங்கலாம், அது தனிச் செலவு.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம். இதில் நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சொன்ன உறுதியோடு இதைச் சொல்ல முடியாது. புது வண்டி சிலருக்குத் தைரியம் கொடுக்கிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் விழுந்து எழுந்து வந்தவர்களில் பலர் புது வண்டியிலும் அதே இடத்தில்தான் பிரேக்கைப் பிடிக்கிறார்கள். கியாரா ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். அங்கே பால் வெட்டிய நம் குடும்பங்கள் பல இன்னும் அடிவாரத்திலேயே, தாமான் ரிம்பா கியாரா பக்கத்து நீண்ட வீடுகளில் இருக்கிறார்கள். மரங்களும் நிற்கின்றன, அவற்றின் வேர்கள் பாதையின் குறுக்கே நேராக மட்டும் ஓடவில்லை, சரிவோடு சேர்ந்து சாய்வாகவும் ஓடுகின்றன. நேராகக் குறுக்கே கிடக்கும் வேரைத் தாண்டுவது சுலபம். சாய்வாகக் கிடக்கும் ஈர வேரில் பிரேக் பிடித்தபடி ஏறினால் டயர் அந்த வேரின் போக்கிலேயே சறுக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு வழி, வேருக்கு முன்னாலேயே, மண் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வேரின் மேல் விரலை எடுத்துவிட்டு, முடிந்தவரை வேரை நேராகக் குறுக்கே வெட்டிப் போவது. சொல்ல ஒரு வரி, பழக மூன்று மாதம். விழுந்ததிலிருந்து மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆறு வாரத்துக்கு மேல் இருக்கும் வலியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் காட்டுக்கு வாருங்கள்.

அதனால் என் யோசனை இது. பழைய 26ஐ இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புது ஃபோர்க் போட நினைக்காதீர்கள், கிடைப்பதும் கஷ்டம், போடுகிற பணம் திரும்ப வராது. முன்னால் மட்டுமாவது மென்மையான ரப்பர் உள்ள, பல் ஆழமான 2.3 இன்ச் டயர் போடுங்கள். பிரேக் பேடை மாற்றுங்கள். டியூப் போட்ட டயருக்கு 40 பிஎஸ்ஐ காற்று அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 28இல் ஆரம்பித்து, பின்னால் 30 வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறக்கினால் வேரில் ரிம் இடித்து டியூப்பில் இரண்டு துளை விழும். சீட்டை இறக்கத்துக்கு முன் ஒரு சாண் கீழே இறக்கிவிடுங்கள், ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் இல்லையென்றால் கையாலேயே. இவ்வளவும் சேர்த்து ஐந்நூறு வெள்ளிக்குள் முடியும். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். அது உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. களிமண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் பாதையில் வாய்க்கால் விழும், அதை ட்ராக்ஸ் சங்கத்துத் தன்னார்வலர்கள்தான் மண்வெட்டி எடுத்துச் சரி செய்ய வேண்டும்.

மூன்று மாதம், வாரா வாரம் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அந்தப் பழக்கம் நிலைத்தால், தாராளமாக ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குங்கள், நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். முடியவில்லை, மாதம் இரண்டு முறையும் ஏரிக்கரையும்தான் வாழ்க்கை என்றால், 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் உள்ள நல்ல 29 இன்ச் ஹார்ட்டெயில் ஒன்று போதும். தார்ச் சாலையிலும் நன்றாக உருளும், பராமரிப்பும் குறைவு, மிஞ்சுகிற பணத்தில் நல்ல பிரேக் கிடைக்கும்.

பழைய வண்டி வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் சீட்டைப் பிடித்துப் பின் பக்கத்தை மெதுவாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். தரையிலிருந்து சக்கரம் எழும்புவதற்கு முன் கையில் ஒரு சின்ன டொக் என்ற ஆட்டம் தெரிந்தால் மூட்டு பேரிங்கோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான கால்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் வேண்டாம். மூட்டுகளைச் சுற்றி ஃபிரேமில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால், அது பெயின்ட் கீறல்தான் என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவு எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் நண்பர்களில் உங்கள் உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் அவர் வண்டியை ஒரு நாள் காலைப்பொழுதுக்குக் கேளுங்கள். ஏறுவதற்கு முன் ஷாக் பம்ப் வைத்து உங்கள் எடைக்குக் காற்றைச் சரி செய்யுங்கள். பின் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைச் சீல் வரை தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறங்குங்கள். ஷாக் 50 மில்லிமீட்டர் அமுங்கும் வகை என்றால் வளையம் 13 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் 85 கிலோ நண்பருக்கு வைத்த காற்றோடு ஓட்டினால் அது உங்களுக்குக் கட்டை மாதிரிதான் இருக்கும், அந்த வண்டியைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அப்புறம் நீங்கள் விழுந்த அதே இறக்கத்துக்குப் போங்கள், மண் காய்ந்திருக்கும் நாளில். முதலில் உங்கள் பழைய வண்டியில் மூன்று முறை, அப்புறம் அவருடையதில் மூன்று முறை. கீழே ஒருவரை நிற்கச் சொல்லி, எந்த இடத்தில் உங்கள் விரல் பிரேக்குக்குப் போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ன பார்த்தார் என்று இங்கேயே எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.